இரண்டு மூலைகளின் ஈரம்

அந்த வருஷக் கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி ஒரே ஆட்டத்தில் முடிகிற சமாச்சாரமாக இல்லை. முதல் ஆட்டம் ஓர் அணியின் ஊரில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்ற அணியின் ஊரில். இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவர்களுக்கு தேசியக் கோப்பை. இடையில் கிடந்த அந்த ஒரு வாரம்தான் மைதானக்காரரைப் படுத்தி எடுத்துவிட்டது.

கிளப்பின் புல்தரைக்குப் பொறுப்பு அவர்தான். இருபத்தாறு வருஷமாக அந்தப் புல்லோடுதான் குடித்தனம் என்று அவருடைய மனைவி சொல்வாள். விடிந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மைதானத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். எங்கே தண்ணீர் போதவில்லை, எங்கே வேர் பிடிக்கவில்லை என்பதை அவருடைய குதிகாலே சொல்லிவிடும். இந்த இருபத்தாறு வருஷத்தில் கிளப் மூன்று முறை இறுதிப் போட்டி வரை போய், மூன்று முறையும் இரண்டாம் பரிசுக் கேடயத்தோடு திரும்பியிருந்தது.

இந்த முறை எதிரணியின் வலப்பக்க ஆட்டக்காரர் அவருடைய சொந்த மாப்பிள்ளை.

மாப்பிள்ளையை எல்லாரும் 'ரயில்' என்பார்கள். தண்டவாளம் போட்ட மாதிரி வலப்பக்கக் கோட்டை ஒட்டியே ஓடுவார். அந்த வேகத்துக்குக் குறுக்கே நிற்க யாருக்கும் துணிச்சல் வராது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவரும் இதே கிளப்பில் இரண்டு சீசன் ஆடியவர்தான். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் குளிக்க ஓடும்போது, இவர் மட்டும் நின்று பிய்ந்த புல்லைக் காலால் அழுத்திவிட்டு, "மாமா, இங்க ஒரு கை மண்ணு போடணும்" என்பார். கல்யாணப் பேச்சே இல்லாத காலத்தில் எதற்கு இந்தப் பையன் மாமா போடுகிறான் என்று மைதானக்காரர் யோசித்ததுண்டு. டிக்கெட் கவுண்டரில் விடுமுறை வேலைக்கு உட்கார்ந்திருந்த தன் மகளைப் பார்த்துத்தான் அந்த 'மாமா' கிளம்பியது என்பது கடைசியில்தான் அவருக்கு விளங்கியது. கல்யாணமாகி மூன்று வருஷம். மகள் இப்போது மாப்பிள்ளையின் ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள்.

முதல் ஆட்டம் அந்த ஊரில் நடந்தது. மைதானக்காரரும் மனைவியும் வீட்டில் டி.வி.யில் பார்த்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்று மாப்பிள்ளையின் அணி ஜெயித்தது. இரண்டு கோலுக்கும் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தது ரயில்தான். மனைவி கைதட்டினாள்.

"எந்தப் பக்கம் தட்டற நீ?"

"என் மாப்பிள்ளை பக்கம். நீங்க மட்டும் என்ன? ரெண்டாவது கோலுக்கு நாற்காலிய விட்டு எந்திரிச்சீங்களே, அது எதுக்காம்?"

அவர் எழுந்தது உண்மைதான்.

மறுநாள் டீக்கடையில் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். "என்னங்க, மாப்பிள்ளை விருந்துக்கு வர்றாராமே! தரையில ஜமக்காளம் விரிச்சாச்சா?" என்று ஒருவர். "அவருக்கு என்னப்பா, யாரு ஜெயிச்சாலும் கப்பு அவரு வீட்டுக்குத்தான்" என்று இன்னொருவர். சிரிப்புத்தான். ஆனால் அடுத்த நாளும் அதே சிரிப்பைக் கேட்டபோது, அதில் கொஞ்சம் உப்பு ஏறியிருந்தது. டீயை முழுசாகக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம் கிளப் செயலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி அலமாரியில் அந்த மூன்று கேடயங்களும் தூசியோடு நின்றன. பயிற்சியாளர் மேஜைமேல் ஒரு காகிதத்தை விரித்து மைதானத்தை வரைந்து வைத்திருந்தார்.

"உங்க மாப்பிள்ளைய நிறுத்த எங்ககிட்ட ஆளு இல்ல" என்றார் பயிற்சியாளர், சுற்றி வளைக்காமல். "தரைதான் நிறுத்தணும். வடகிழக்கு மூலை, தென்மேற்கு மூலை. இந்த ரெண்டு இடத்துல மட்டும் நல்லா ஊறணும்."

மைதானக்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறும். வலப்பக்கம் ஓடுகிறவர் ஒரு பாதியில் வடகிழக்கு மூலையைப் பார்த்து ஓடினால், மறு பாதியில் தென்மேற்கு மூலையைப் பார்த்து ஓட வேண்டும். டாஸில் யார் ஜெயித்தாலும் ரயில் அந்த இரண்டு மூலைக்குத்தான் வந்தாக வேண்டும். உள்ளூர் அணி இடப்பக்கமாகவே தாக்கினால் காய்ந்த மூலைகள் இரண்டும் அவர்களுக்கு.

"தண்ணி விடலாம் சார். விட்டா பாத்ததும் தெரியுமே" என்றார்.

"தெரியாம விடறதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்றார் செயலாளர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊர்ல என்ன பேசறாங்கன்னு உங்களுக்கே தெரியும். நாம தோத்தா ஆட்டக்காரங்கள யாரும் திட்ட மாட்டாங்க. மாமனார் பட்டு மாதிரி தரை போட்டுக் குடுத்துட்டாருன்னுதான் பேசுவாங்க. நான் சொல்ல மாட்டேன். ஊரு சொல்லும்."

அந்த வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. இருபத்தாறு வருஷம் ஒரு நாள் தாமதமாக வராதவர். மகள் கல்யாணத்துக்குக்கூட இரண்டு நாள்தான் லீவு போட்டவர். அவரைப் பார்த்து ஊர் அப்படிப் பேசுமா? பேசும். டீக்கடையிலேயே ஆரம்பித்தாயிற்று. புதன், வியாழன் இரண்டு நாளும் சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை போய் அந்த இரண்டு மூலைகளுக்கும் அடியில் ஓடும் வடிகால் குழாயின் வால்வுகளைத் திருகி மூடினார்.

சனிக்கிழமை காலையில் வேலையாட்கள் இருவரையும் கோல் வலைகளைச் சரிபார்க்க உள்ளே அனுப்பிவிட்டு, ஹோஸை அவரே பிடித்தார். வடிய வழியில்லாத தண்ணீர் மண்ணுக்குள் நின்றது. மதியம்வரை விட்டார். சாயங்காலம் மேல்புல்லை ஒரு சுற்று வெட்டி, லேசான உருளையை ஓட்டினார். தள்ளி நின்று பார்த்தால் மைதானம் முழுக்க ஒரே பச்சை, ஒரே கோடு. வேலை அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா, கிளம்பப் போறோம். ராத்திரி ஓட்டல்ல தங்கிட்டு நாளைக்கு நேரா மைதானம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தரை எப்படி இருக்கு? இங்க நேத்து தூறல். அங்க எப்படின்னு தெரியல. பெரிய ஸ்டட் கொண்டுவரவா, சின்னதே போதுமா?"

ஈரத் தரைக்குப் பூட்ஸின் அடியில் நீளமான இரும்பு ஸ்டட் வேண்டும். அப்போதுதான் கால் பிடிக்கும். காய்ந்த தரைக்குச் சின்ன ரப்பர் ஸ்டட். மாப்பிள்ளை இதைக் கேட்டது எதிரணியின் ஆளிடம் இல்லை, மாமாவிடம். எப்போதும் கேட்கிற கேள்விதான்.

'தரை விஷயமா நான் இந்த வாரம் பேசக்கூடாது, மாப்பிள்ளை' என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரி பின்னாளில் அவருக்கு ஆயிரம் தடவை வாயில் வந்தது. அன்று வரவில்லை.

"வழக்கம் போலத்தான் இருக்கு" என்றார். "காஞ்சுதான் கிடக்கு. சின்னதே போதும்."

"சரிங்க மாமா. அத்தைகிட்ட சொல்லுங்க, நாளைக்கு உங்க பொண்ணும் வர்றா, பார்க்கறதுக்கு. வச்சிடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை அவருடைய முகத்தில் இல்லை. முழங்கால்வரை நனைந்து சேறு அப்பியிருந்த கால்சட்டையில் இருந்தது.

"காஞ்சு கிடக்குன்னா சொன்னீங்க?"

"வேலை விஷயம். நீ தலையிடாத."

அவள் தலையிடவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு, தனக்குப் பசியில்லை என்று போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. நடுவர் வந்து தரையைச் சுற்றிப் பார்த்தார். தென்மேற்கு மூலையில் காலை ஊன்றிப் பார்த்து, "கொஞ்சம் இளகலா இருக்கே?" என்றார். "காலையில தண்ணி விட்டது சார். வெயில் ஏறினா இறுகிடும்" என்றார் மைதானக்காரர். நடுவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வருகிறவர்கள் ஓரங்களை மிதிக்கக் கூடாது என்று மைதானக்காரரே கூம்புகளை வரிசையாக வைத்திருந்தார். புல்லைக் காப்பாற்ற எல்லாக் கிளப்பும் செய்வதுதான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நடுப்பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ரயில் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மேலே, மூன்றாவது வரிசையில், மனைவியும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கி நான்காவது நிமிஷத்தில் ரயிலிடம் பந்து வந்தது. வழக்கம்போலக் கோட்டை ஒட்டிப் பறந்தார். வடகிழக்கு மூலைக்குள் நுழைந்ததும் கால் வழுக்கி, பந்து அவரைவிட்டு வெளியே போயிற்று. எழுந்து, குனிந்து, உள்ளங்கையைப் புல்லில் வைத்து அழுத்தினார். கையை எடுத்துப் பார்த்தார். பிறகு எதுவும் நடக்காதது மாதிரி திரும்பி ஓடினார். தன் பக்கம் பார்ப்பாரோ என்று மைதானக்காரர் பயந்தார். அவர் பார்க்கவில்லை.

முப்பத்தோராவது நிமிஷத்தில் உள்ளூர் அணி இடப்பக்கமாகப் போய் ஒரு கோல் அடித்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கு இரண்டு. கூட்டம் கத்திய கத்தலில் தகரக்கூரை அதிர்ந்தது. மைதானக்காரர் வீரர்கள் வந்துபோகும் வழியின் ஓரத்தில் கவைக்கம்பியோடு நின்றார். இடைவேளையில் பிய்ந்த புல்லை அழுத்துவது அவர் வேலை. அழுத்தினார். வடகிழக்கு மூலையில் கம்பியைக் குத்திய இடத்தில் எல்லாம் தண்ணீர் துளிர்த்தது.

இரண்டாம் பாதியில், அறுபதாவது நிமிஷத்தை ஒட்டி அது நடந்தது. தென்மேற்கு மூலையில் ரயிலுக்குப் பந்து கிடைத்தது. எதிரே வந்தவரை ஏமாற்ற உள்பக்கமாகச் சட்டென்று திரும்பினார். ஊன்றிய கால் சறுக்கியது; மற்ற கால் சேற்றில் புதைந்து நின்றது. உடம்பு ஒரு பக்கம் போக, முழங்கால் மறுபக்கம் மடங்கியது. யாரும் அவரைத் தொடவில்லை. விழுந்தவர் கத்தவும் இல்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நெற்றியைப் புல்லில் வைத்துக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தரை கிழிந்து கிடந்தது. நடுவர் கையசைத்து மைதானக்காரரைக் கூப்பிட்டார். "சீக்கிரம் சரி பண்ணுங்க." அத்தனை ஆயிரம் பேர் பார்க்க, கவைக்கம்பியை எடுத்துக்கொண்டு அவர் நடந்தார். கிழிந்த புல்லை மடக்கி வைத்து மிதித்தார். மிதிக்க மிதிக்கச் சேற்றுத் தண்ணீர் ஷூவுக்குள் புகுந்தது. மேலே மூன்றாவது வரிசையில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன.

எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் கிடைத்த பெனால்டியில் இரண்டாவது கோலும் விழுந்தது. மூன்றுக்கு இரண்டு. கோப்பை.

மைதானக்காரருக்கு அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஆட்டக்காரர்கள் விடவில்லை. "இவரு இல்லாம கப்பா?" என்று இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார்கள். செயலாளர் கட்டிப்பிடித்து, காதோரமாக, "இது உங்க கப்புங்க" என்றார். யாரோ ஒரு பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தபோது, அது கழுத்தில் கிடப்பதே அவருக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் மகள் ஓடி வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "ஸ்கேன் எடுத்துட்டாங்கப்பா. உள்ள தசைநார் அறுந்துடுச்சாம். ஆபரேஷன் பண்ணணும். எட்டு மாசம், பத்து மாசம் ஆகுமாம்." அழுதுகொண்டே நிமிர்ந்தவள் பதக்கத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைக் கழற்றி அவர் சட்டைப் பையில் வைத்தாள். "ஜெயிச்சிட்டீங்களா? அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. போய்ச் சொல்லுங்க. உங்களைப் பாத்தா அவருக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அறையில் மாப்பிள்ளை காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். மைதானக்காரர் கட்டிலோரமாக நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேன், மாப்பிள்ளை."

"தெரியும் மாமா." மாப்பிள்ளை கூரையைப் பார்த்தபடி பேசினார். "கையை வச்சதுமே தெரிஞ்சிடுச்சு. இடைவேளையில எங்க கோச் குதிச்சாரு. மேட்ச் அதிகாரிகிட்ட எழுதிக் குடுப்போம்னு சொன்னாரு. 'உன் மாமனார்தானே, உங்கிட்ட என்ன சொன்னாரு?'ன்னு கேட்டாரு. நான் அவர்கிட்ட பேசவே இல்லைன்னுட்டேன்."

"பெரிய ஸ்டட்..."

"கொண்டுவரலையே. இன்னொருத்தர் பூட்ஸை வாங்கிப் போட்டுப் பாத்தேன். ஒரு அளவு சின்னது, கடிச்சது. கழட்டிட்டேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். "தண்ணி விட்டதப் பத்திக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. எல்லாக் கிளப்பும் செய்யறதுதான். நான் கேட்டப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க? அதுதான் புரியல."

"பயந்துட்டேன்" என்றார் அவர். "ஊரு என்ன சொல்லுமோன்னு."

பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. மகள் டீயோடு வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலம்தானே கேட்டாரு?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் பக்கத்துலதான் இருந்தேன். ரெண்டு பூட்ஸும் பையில இருந்துச்சு. 'மாமா சொல்லிட்டாரு, சின்னதே போதுமாம்'னு அவரு சொன்னதும், பெரியத எடுத்து அலமாரியில திரும்ப வச்சது யாரு தெரியுமா? நான். எங்கப்பா சொல்லிட்டாரேன்னு வச்சேன்."

"அம்மாடி..."

"கிளம்புங்கப்பா. இப்பக் கிளம்புங்க."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மைதானக்காரர் வெளியே வந்தார். மனைவி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அவர் தனியாக வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் வெடிச் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள என்னமோ நெனச்சோம், மன்னிச்சுக்குங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை செயலாளரின் அறையில் போய் நின்றார். நடந்ததைக் கால்பந்துச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார். செயலாளர் கோபப்படக்கூட இல்லை.

"எழுதுங்க. என்னன்னு எழுதுவீங்க? சொந்த மைதானத்துக்குத் தண்ணி விட்டேன்னா? எந்த விதியில அது குத்தம்? நடுவர் பாத்தாரு, ஆடலாம்னு சொன்னாரு. முடிஞ்சுது." பேனாவை மூடி வைத்தார். "உங்க மாப்பிள்ளைகிட்ட நீங்க போன்ல என்ன சொன்னீங்கங்கறது உங்க வீட்டு விஷயம். அதுக்குக் கிளப் என்ன பண்ணும்?"

அவர் வெளியே வந்து, வால்வுகளைத் திறந்துவிட்டார். வடிகால் வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. அதனால் யாருடைய முழங்கால் சரியாகும்? விடவில்லை. ஆனால் வெற்றி விழாவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். பதக்கத்தைக் கிளப் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் மகள் அவரிடம் பேசவில்லை. அம்மாவுக்குத்தான் போன் செய்வாள். அவர் எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்பாள். அவ்வளவுதான். வருகிற சீசனுக்கு ரயிலோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்ற செய்தியையும் அவர் பேப்பரில்தான் படித்தார்.

நான்காவது மாதம் ஒரு நாள் அவளே அவரிடம் பேசினாள். "செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு கிடைக்காது. அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். அம்மாவால மாடி ஏற முடியாது. நீங்க வர முடியுமா?"

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அவர் விடியற்காலை பஸ் பிடித்து மூன்று மணி நேரம் போனார். சிகிச்சை நிலையம் இரண்டாவது மாடியில். "கையைப் பிடிக்காதீங்க, அவருக்குப் பிடிக்காது. ஒரு படி பின்னாலயே ஏறுங்க" என்று மகள் சொல்லியிருந்தாள். அப்படியே ஏறினார். உள்ளே மாப்பிள்ளை காலை மடக்கவும் நீட்டவும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகுவார். இவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளை அவரிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பழைய மாதிரி சிரித்துப் பேசியதும் இல்லை. ஒரு பள்ளிக்கூட அணிக்குப் பயிற்சி கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார். "மறுபடி ஆடுவீங்கல்ல?" என்று கேட்டதற்கு, "ஆடலாம். ஓட முடியாது" என்றார்.

ஒரு செவ்வாய் அவர்கள் திரும்பி வந்தபோது மகள் சீக்கிரமே வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை உள்ளே படுக்கப் போனார். மகள் தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"உட்காருங்கப்பா" என்றாள். "முழுசா சொல்லுங்க. ஆரம்பத்துலேர்ந்து. யாரு கூப்பிட்டாங்க, என்ன சொன்னாங்க, நீங்க என்ன செஞ்சீங்க. எதையும் விடாதீங்க."

அவர் உட்கார்ந்தார். டீக்கடையிலிருந்து ஆரம்பித்தார். காகிதத்தில் வரைந்த மைதானத்தைச் சொன்னார், வால்வை மூடியதைச் சொன்னார், உருளை ஓட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்ததைச் சொன்னார். வேலை நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டதையும் சொன்னார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. 

அவர் முடித்ததும் அவள் துணிகளை அடுக்கி எழுந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு என்னால சொல்ல முடியாதுப்பா. இப்ப முடியாது."

"கேக்கலம்மா."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு." அவள் துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அடுத்த செவ்வாய் கொஞ்சம் முன்னாடியே வாங்க. பத்து மணிக்கு டாக்டரையும் பாக்கணும்."

"வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.